கீறலை மறைக்கலாம், விரிசலை மறைக்கலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளிவந்த வீட்டுக் குறிப்புகள் பகுதியில், கிட்டாரில் விழுந்த கீறலைப் பற்பசையால் தேய்த்துப் போக்கலாம் என்றும், சொட்டை விழுந்த இடத்தைச் சூப்பர் குளூவால் நிரப்பலாம் என்றும், நிறம் போன இடத்தில் வண்ண மெழுகைத் தேய்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றும் எழுதப்பட்டிருந்தது. மூன்றும் நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட குறிப்புகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. மூன்றிலும் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் எப்படிப்பட்ட சேதத்துக்கு, எந்த வகைப் பூச்சின் மேல் இவற்றைச் செய்யலாம் என்பதைச் சொல்லாமல் விட்டதால், அந்த ஓரளவு உண்மையை நம்பிக் கையில் பசையை எடுப்பவர் நல்ல கருவி ஒன்றைத் திருத்த முடியாதபடி கெடுத்துக்கொள்ள நேரும். அதைத் தடுக்கும் எண்ணத்தோடுதான் இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்து வருகிறேன். என் கருவிகளையும் நண்பர்கள் கொண்டுவரும் கருவிகளையும் என்னால் இயன்ற அளவு பழுது பார்த்தும் வருகிறேன். என் கைக்கு வந்தவற்றில், கீழே விழுந்ததால் கெட்டவற்றைவிட, விழுந்த அன்றே உரிமையாளர் பதறிப்போய்ச் செய்த வைத்தியத்தால் கெட்டவையே அதிகம். புதிதாக வாங்கிய கருவியில் முதல் கீறல் விழும்போது மனம் படும் பாடு எனக்கும் தெரியும். அந்தப் பதற்றத்தில் கையில் கிடைத்ததைப் பூசாமல், ஒரு வாரம் பொறுத்திருந்தாலே பாதிக் கருவிகள் தப்பித்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது, சேதம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை. அக்கூஸ்டிக் கிட்டாரின் முகப்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் அல்லது சிடார் மரத்தால் ஆனது. அதன் கனமே 3 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். அதன் மேலுள்ள மெருகுப் பூச்சோ நல்ல கருவிகளில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். கீறல் அந்தப் பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டதா, பூச்சைக் கிழித்துக்கொண்டு மரத்தைத் தொட்டுவிட்டதா, மரத்தின் நார்கள் நசுங்கிப் பள்ளமாகிவிட்டனவா, அல்லது பலகையே பிளந்துவிட்டதா என்ற நான்கு கேள்விகளுக்கும் நான்கு வெவ்வேறு வைத்தியங்கள் உள்ளன. இருட்டிய அறையில் ஒரு விளக்கைப் பலகைக்குப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பார்த்தால் பள்ளமும் மேடும் நிழலாகத் தெரியும். நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல ஓட்டினால், நகம் தடுக்காத கீறல் பெரும்பாலும் பூச்சோடு நின்றது என்று அறியலாம். அடிபட்ட இடத்தில் நிறம் மட்டும் வெளுத்துத் தெரிந்தால், மரத்தை விட்டுப் பூச்சு பெயர்ந்து எழும்பி நிற்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பாலியெஸ்டர் பூச்சுள்ள கருவிகளில் இது அடிக்கடி நேர்வது.

விரிசலைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. மர ரேகையை ஒட்டி நேர்கோடாக ஓடும் மெல்லிய விரிசல், பார்வைக்கு ஒரு நீளமான கீறலைப் போலவே இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் கைமாறி வந்த ஒரு கிட்டாரை நான் வாங்கினேன். கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு ஏதோ ஒரு கோடு மங்கலாகத் தெரிந்தது. கீறல்தான், மெருகேற்றியிருக்கிறோம் என்று விற்றவர் சொன்னார். காற்று வறண்ட மாதங்கள் வந்தபோது அந்தக் கோடு வாய் பிளந்தது. உள்ளே இருந்தது பழுப்பு நிற மெழுகு. விரிசலை ஒட்ட முயன்றபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. மெழுகு ஊறிய மரத்தில் எந்த மரப்பசையும் பிடிப்பதில்லை. பசை நார்களுக்குள் இறங்கினால்தான் இரண்டு விளிம்புகளும் ஒன்றாகும்; இறங்க வேண்டிய வழியெல்லாம் மெழுகால் அடைபட்டிருந்தது. கைதேர்ந்த ஒருவர் விளிம்புகளை மெலிதாகச் செதுக்கி எடுத்து, ஸ்ப்ரூஸ் மரத்தாலான சிறு கீற்று ஒன்றை இடையில் செருகி ஒட்டி, உட்புறத்தில் குறுக்கு ரேகையாகச் சிறு மரவில்லைகளைப் பதித்துத்தான் அதைக் காப்பாற்றினார். மெழுகு பூசாமல் விட்டிருந்தால், அரைமணி நேரப் பசை வேலையோடு, ஒட்டிய தடம் தெரியாமலே முடிந்திருக்கும்.

இந்த அனுபவத்திலிருந்து நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று. இன்று நாம் செய்யும் மறைப்பு, நாளை இன்னொருவர் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பின் வழியை அடைத்துவிடக் கூடாது. தங்கள் குறிப்பில் இந்த எண்ணமே இல்லாததுதான் என் மனக்குறை.

விரிசலா என்று சோதிப்பது கடினமில்லை. கம்பிகளைத் தளர்த்திவிட்டு, ஐயத்துக்குரிய கோட்டின் இரு பக்கங்களையும் விரல் நுனியால் மாறி மாறி மிக மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அசைந்தால் அது விரிசல். ஒலித்துளை வழியே சிறு கண்ணாடியை உள்ளே விட்டு, வெளியே விளக்கைப் பிடித்து, உட்புறத்தில் ஒளிக்கோடு தெரிகிறதா என்றும் பார்க்கலாம். எஃகுக் கம்பிகள் பூட்டிய கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமம். அவ்வளவு இழுப்பைத் தாங்கி நிற்கும் 3 மில்லிமீட்டர் பலகையில் ஒரு விரிசலை மெழுகு பூசி மறைப்பது, சுவரின் வெடிப்பின் மேல் காகிதத்தை ஒட்டி வைப்பது போன்றதுதான்.

வறட்சியால் வந்த விரிசலுக்கு இன்னொரு இயல்பும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருப்பதுதான் இந்தக் கருவிக்கு உகந்தது. அதைவிட வெகுவாகக் குறைந்தால் மரம் சுருங்கி ரேகையோடு பிளக்கும். அப்படிப் பிளந்த கருவியைப் பெட்டிக்குள் ஈரப்பதமூட்டியோடு சில நாள்கள் வைத்திருந்தால், விரிசல் பெரும்பாலும் தானாகவே ஒன்றுகூடிவிடும். அப்போதுதான் அதை ஒட்ட வேண்டும். வாய் பிளந்து நிற்கும்போதே கெட்டியான எதையாவது திணித்து நிரப்பிவிட்டால், மரம் மீண்டும் ஈரம் குடித்து விரியும்போது அதற்கு இடமில்லாமல் விளிம்புகள் மேலெழும்பும். விரிசலைப் பொறுத்தவரை என் வேண்டுகோள் இதுதான்: எதுவும் பூசாமல், கம்பியைத் தளர்த்திவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போய்விடுங்கள்.

விரிசல் இல்லை என்று உறுதியானபின், அடுத்து அறிய வேண்டியது பூச்சின் வகை. பழைய முறையில் செய்யப்படும் கிளாசிக்கல் கிட்டார்கள் பலவற்றில் அவலரக்கைச் (ஷெல்லாக்) சாராயத்தில் (ஆல்கஹால்) கரைத்துத் துணிப்பொதியால் பல நூறு முறை தடவி மெருகேற்றியிருப்பார்கள். ஃபிரெஞ்சு பாலிஷ் என்று சொல்வது இதைத்தான். 1920-களில் கார்களுக்காகப் பெருமளவில் புழக்கத்துக்கு வந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், பின்னர் கிட்டார் தயாரிப்பாளர்களிடமும் பரவியது; இன்றும் பல உயர்ந்த கருவிகளில் அதுதான் இருக்கிறது. இக்காலத்தில் பெருந்தொகையாகச் செய்யப்படும் கருவிகளில் பாலியூரித்தேனும் பாலியெஸ்டரும்தான் மிகுதி. அவலரக்கும் நைட்ரோவும், கரைப்பான் ஆவியாகிப் போனதால் மட்டுமே இறுகியவை. அதே கரைப்பானை மீண்டும் கண்டால் இளகும். எனவே புதிதாக இடும் சொட்டு பழைய பூச்சோடு உருகி ஒன்றாகிவிடும். பாலியூரித்தேனும் பாலியெஸ்டரும் வேதிவினையால் இறுகியவை. வழக்கமான கரைப்பான் எதுவும் அவற்றை மீண்டும் கரைக்காது. புதிதாக இடுவது அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்குமே தவிர, அவற்றோடு கலக்காது.

ஆகவே ஒரு கிட்டாருக்கு மருந்தானது இன்னொன்றுக்கு நஞ்சாகிவிடலாம். சோதிக்க விரும்புவோர், கழுத்து உடலோடு சேரும் அடிப்பகுதி போன்ற கண்ணில் படாத இடத்தில், பஞ்சு சுற்றிய குச்சியின் நுனியால் முதலில் சாராயத்தைத் தொட்டுப் பார்க்கலாம். பிசுபிசுப்பு ஏற்பட்டால் அவலரக்கு. அது அசையாவிட்டால் லாக்கர் தின்னரை ஒரு புள்ளியளவு தொட்டுப் பார்க்கலாம். இளகினால் நைட்ரோ, அசையாவிட்டால் மற்ற இரண்டில் ஒன்று. தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலேயே பூச்சின் பெயர் இருந்தால் இந்தச் சோதனையும் தேவையில்லை, அதைப் படிப்பதே மேல். வீட்டு மேசையைத் துடைக்கும் சாராயத்தை ஃபிரெஞ்சு பாலிஷ் செய்த கிட்டாரில் பயன்படுத்தி, ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சையே வழித்தெடுத்த ஒருவரை நான் அறிவேன். கறை நீக்கத்தான் அவர் துடைத்தார்.

இனி பற்பசைக்கு வருகிறேன். பற்பசையில் இருப்பது மிக நுண்ணிய அரைப்புத் துகள். பளபளப்பான பூச்சில் நகம் தடுக்காத மெல்லிய கீறலை அது ஓரளவு மழுப்பும் என்பது உண்மையே. ஆனால் துகளின் பருமன் இன்னதென்று நமக்குத் தெரியாது. எல்லாப் பற்பசையும் ஒன்றல்ல. நைட்ரோ போன்ற மென்மையான பூச்சில் அது தன் பங்குக்கு மங்கலான வட்டத்தை விட்டுச் செல்லும். இதற்கென்றே கிடைக்கும் மெருகேற்று பசையை, சுத்தமான மென்துணியில் சிறிதளவு எடுத்து, ரேகையின் திசையில் பொறுமையாகத் தேய்ப்பதே சரியான வழி. விளிம்புகளில் பூச்சு மிக மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கே கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்விசையால் சுழலும் மெருகுப்பொறியைப் பழகாதவர் விளிம்பில் வைத்தால், சில நொடிகளில் மரம் தெரிந்துவிடும். இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பளபளப்பில்லாத, மங்கல் மெருகுள்ள கிட்டார்களை எதைக்கொண்டும் தேய்க்கவே கூடாது. தேய்த்த இடம் மட்டும் கண்ணாடிபோல மின்னத் தொடங்கும். கீறலைவிட அந்த மினுமினுப்புதான் பிறகு கண்ணை உறுத்தும். அதை மீண்டும் மங்கலாக்குவது கைதேர்ந்தவருக்கே கடினம். சிலிகான் கலந்த வீட்டுப் பாலிஷ்களையும் தவிர்க்க வேண்டும். அவை விரிசலுக்குள்ளும் பூச்சின் நுண்வெடிப்புகளுக்குள்ளும் புகுந்துகொள்ளும். பின்னாளில் புதிய பூச்சு இட நேர்ந்தால், சிலிகான் பட்ட இடத்தில் அது படியாமல் மீன்கண்போல வட்ட வட்டமாக விலகி நிற்கும்.

சூப்பர் குளூ பற்றிய குறிப்பில் பாதி சரி. பாலியெஸ்டர், பாலியூரித்தேன் பூச்சுகளில் சில்லு பெயர்ந்த இடத்தை நிரப்பப் பழுதுபார்ப்பவர்களே அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்; தெளிவாக இறுகும், நன்றாக மெருகேறும். ஆனால் அவர்கள் ஊற்றுவதில்லை. பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சிறு துளியை எடுத்துப் பள்ளத்தின் நடுவில் வைப்பார்கள். அது இறுகியபின் இன்னொரு துளி. இப்படிப் படிப்படியாக நிரப்பி, சுற்றியுள்ள பரப்பைவிட ஒரு மயிரிழை உயரமாக நிறுத்துவார்கள். விரைவில் இறுகச் செய்யும் தெளிப்பானை அளவுக்கு மீறி அடித்தால் பசை நுரைத்து வெண்புள்ளிகள் விழும் என்பதால், காத்திருப்பதே நல்லது. பிறகு ஒரு சவர பிளேடின் இரு முனைகளிலும் ஒட்டுநாடாவைச் சுற்றி, நடுவில் பள்ளத்தின் அகலத்துக்கு மட்டும் கூர் தெரியும்படி விட்டு, அந்த மேட்டை மட்டும் மெல்லச் சுரண்டுவார்கள். நாடாவின் கனம், சுற்றியுள்ள பூச்சின் மேல் படாமல் பிளேடைத் தூக்கிப் பிடிக்கும். இந்தச் சிறு உத்தியைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது. கடைசியாக 800, 1000, 1500, 2000 என்று எண் ஏற ஏற நயமாகும் உப்புத்தாள்களால், சிறு கட்டையில் சுற்றி, அந்த இடத்தை மட்டும் சமப்படுத்தி மெருகேற்றுவார்கள். நீர் தொட்டுத் தேய்ப்பவர்கள், திறந்த மரமோ துளையோ அருகில் இருந்தால் நீர் உள்ளே இறங்காமல் காக்க வேண்டும்.

குறிப்பில் விடுபட்ட மீதிப் பாதி, மரம் தெரியும் இடத்தைப் பற்றியது. மெல்லிய சூப்பர் குளூ திறந்த ஸ்ப்ரூஸ் மரத்தில் பட்டால், நார்களுக்குள் மளமளவென்று ஊறி, எண்ணெய் பட்டது போன்ற கருத்த திட்டாகிவிடும். அது துடைத்தாலும் போகாது, சுரண்டினாலும் போகாது. பழகத் தொடங்கிய காலத்தில் என் சொந்தக் கிட்டாரின் முகத்தில் கடுகளவு இருந்த வெண்சில்லை இப்படி நான் ஒரு கரும்பொட்டாக்கினேன். ஒலித்துளைக்கு மேலே இன்றும் அது இருக்கிறது. முதலில் ஒரு நுண்தூரிகையால் அவலரக்கைத் தொட்டு அந்த மரத்தை மூடி, அது உலர்ந்தபின் பசைத்துளியை வைத்திருந்தால் மரம் கருத்திருக்காது. இந்த ஒரு வரி அக்குறிப்பில் இருந்திருந்தால்கூட நான் இக்கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். கண்ணுக்குக் காப்பும் காற்றோட்டமும் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பசையின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். லாக்கரும் தின்னரும் எளிதில் தீப்பற்றும்.

நைட்ரோ பூச்சுள்ள கருவிக்கு அதே லாக்கரைத் துளித்துளியாக இடுவதே முறை. கரைப்பான் ஆவியாக ஆவியாக ஒவ்வொரு துளியும் சுருங்கி அமிழும் என்பதால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு நாளாவது விட்டு, நிரம்பியபின் சில வாரங்கள் காத்திருந்து சமப்படுத்த வேண்டும். அவசரப்பட்டு அன்றே சமப்படுத்தினால், அடுத்த மாதம் அதே இடத்தில் பள்ளம் திரும்பவும் தெரியும். ஃபிரெஞ்சு பாலிஷ் செய்த கருவிகள் இந்த வகையில் பாக்கியம் செய்தவை. எளிதில் கீறல் விழுந்தாலும் அதைவிட எளிதில் ஆறிவிடும்.

சொட்டைக்கு ஈரத்துணியும் சூடும் வைத்து மரத்தை உப்பச் செய்யும் பழைய தச்சு முறை ஒன்று இருக்கிறது. பூச்சில்லாத மரத்தில், நார் அறுபடாமல் நசுங்கியிருக்கும் வரை, அது அருமையாக வேலை செய்யும். பூச்சின் மேல் செய்தால், அவலரக்கும் நைட்ரோவும் ஈரத்தைப் பிடித்து வெண்படலம் போர்த்திக்கொள்ளும். பாலியெஸ்டரோ நீராவியை உள்ளே விடவே விடாது. கிட்டாரின் உள்ளே முகப்பலகையைத் தாங்கும் சட்டங்களும் பிரிட்ஜும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும் பசையால்தான் பெரும்பாலும் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஆதலால் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டாருக்குப் பக்கத்தில் கொண்டு போகாமல் இருப்பதே நல்லது. பூச்சு உடையாமல் மரம் மட்டும் அமுங்கிய சொட்டையை நான் அப்படியே விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றிலும் கடினமானது நிறம். ஸ்ப்ரூஸ் மரமும் அதன் மேலுள்ள நைட்ரோவும் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒளிபட்டு வெளிர்மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கு மாறுகின்றன. பழைய கிட்டாரின் பிக்கார்டை, அதாவது உரசலிலிருந்து காக்க முகப்பலகையில் ஒட்டிய தகட்டை, கழற்றினால் அதன் அடியில் முதல்நாள் வெண்மை அப்படியே இருப்பதைக் காணலாம். சில்லு பெயர்ந்த இடத்தில் தெரிவதும் அந்த இளநிறம்தான். அதன் மேல் வண்ணத்தை அப்பினால், ஒரு கோணத்தில் பொருந்தியதுபோலத் தோன்றும்; கிட்டாரைச் சற்றுத் திருப்பினால் திட்டு வெளிப்பட்டுவிடும். காரணம், மர நார்கள் ஒளியைத் திசைக்கேற்ப வாங்கி வீசுகின்றன. இங்கிருந்து பார்த்தால் வெளிர்ந்தும் அங்கிருந்து பார்த்தால் கருத்தும் தெரியும் அந்தப் பட்டுத்தன்மை வண்ணத்துக்கு இல்லை. ஆகவே ஒளிபுகாத வண்ணத்தைத் தவிர்த்து, ஒளிபுகும் சாயத்தை மிக நீர்த்த அளவில் அவலரக்கில் கலந்து, வேண்டியதைவிட ஒரு படி குறைவாக நிறுத்த வேண்டும். அளவு மிஞ்சிக் கருத்துவிட்டால் திரும்ப வழியில்லை. பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, இரவு விளக்கில் ஒருமுறை பார்த்து முடிவு செய்ய வேண்டும்; ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் நிறம் இன்னொன்றில் ஒத்துப்போவதில்லை. ரோஸ்வுட், மஹோகனி போன்ற கருமரங்களால் ஆன பின்பலகையிலும் பக்கப்பலகைகளிலும் இந்தத் தொல்லை குறைவு. நுண்துளைகளும் கருங்கோடுகளும் நிறைந்த அந்த மரத்தில், விரிசலில்லை என்று உறுதி செய்துகொண்ட பின், தங்கள் குறிப்பில் சொல்லப்பட்ட வண்ண மெழுகுகூடப் போதுமானது. அங்கே அதை நான் மறுக்க மாட்டேன்.

மறைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. நேர்மையான மறைப்பு என்று ஒன்று உண்டு, பிக்கார்டு அப்படிப்பட்டது. ஃபிளமெங்கோ கிட்டார்களில், விரலால் தட்டி வாசிக்கும் இடத்தைக் காக்கப் பலகையின் மேல் மெல்லிய தகட்டை ஒட்டுவது நெடுநாள் வழக்கம். பிளெக்ட்ரம் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) உரசிக் கீறல் மண்டிய இடத்தைப் பிக்கார்டால் மூடுவது, கீறலையும் மறைக்கிறது, இனி விழப்போவதையும் தடுக்கிறது. இதிலும் பிற்காலத்தை எண்ணிச் செய்ய வேண்டும். முன்பு செல்லுலாய்டு பிக்கார்டுகளைப் பூச்சில்லாத மரத்தின் மேலேயே நேரடியாக ஒட்டும் வழக்கம் இருந்தது. செல்லுலாய்டு ஆண்டுகள் போகப்போகச் சுருங்கி, தன்னோடு மரத்தையும் இழுத்து, விளிம்போரமாக முகப்பலகையையே பிளந்த கிட்டார்கள் ஏராளம். கழற்றக்கூடிய பசையோடு, பூச்சின் மேல் ஒட்டும் மெல்லிய தகடே நல்லது. நைட்ரோ கருவியில் மென்பிளாஸ்டிக் தாள்களையோ ரப்பர் தாங்கிகளையோ நீண்டநாள் வைத்தால், அவற்றிலுள்ள நெகிழ்வூட்டும் பொருள் பூச்சை இளக்கித் தடம் பதித்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கீறலால் ஒலி கெடுமா என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. கெடாது. சில்லு பெயர்ந்த இடமோ, கடுகளவு பசையோ காதுக்குத் தெரியும் மாற்றம் எதையும் செய்வதில்லை. ஆனால் கீறலை மறைக்கிறேன் என்று முகப்பலகை முழுவதையும் சுரண்டி, கனமாகப் புதுப்பூச்சு அடிப்பவர்கள் இருக்கிறார்கள். சுரண்டும்போது பலகை மெலிகிறது, அடிக்கும்போது எடை கூடுகிறது. அதிர வேண்டிய பலகைக்கு இரண்டுமே தீங்கு. பழைய, பெயர்பெற்ற கருவியாக இருந்தால் அதன் மதிப்பும் பெரிதும் சரியும். தேய்ந்துபோன முதல் பூச்சைத்தான் அறிந்தவர்கள் மதிக்கிறார்கள். அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகர் வில்லி நெல்சன் 1969 முதல் வாசித்து வரும் மார்ட்டின் என்-20 கிட்டாரைப் பலரும் படத்தில் பார்த்திருப்பார்கள். விரலால் வாசிப்பதற்காகச் செய்யப்பட்ட, பிக்கார்டு இல்லாத கிளாசிக்கல் கிட்டார் அது. அவர் பிளெக்ட்ரத்தால் வாசித்து வாசித்து, ஒலித்துளைக்கு அருகில் முகப்பலகையே தேய்ந்து இன்னொரு துளை விழுந்திருக்கிறது. நண்பர்களும் சக கலைஞர்களும் அதன்மேல் நூற்றுக்கும் மேற்பட்ட கையொப்பங்களை இட்டிருக்கிறார்கள். அந்தத் துளையை யாரும் மூடி மறைக்கவில்லை. அதேவேளை, அந்தக் கருவி உறுதியாக நிற்கக் கைதேர்ந்த ஒருவரின் கண்காணிப்பு அதற்கு இடைவிடாமல் கிடைத்து வருகிறது. தோற்றத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, கட்டமைப்பில் கருத்தாக இருப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டும். "யாருக்கும் தெரியாது" என்ற சொற்கள் தங்கள் குறிப்பில் பாராட்டாக வந்திருக்கின்றன. சொந்தக் கருவியைச் சொந்தக் கண்ணுக்காக அழகுபடுத்துவது அவரவர் உரிமை. அதே கருவியை விற்கும்போது, எந்த இடத்தில் என்ன செய்யப்பட்டது என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். கையிலிருந்த சேமிப்பையெல்லாம் கொடுத்து முதல் கிட்டாரை வாங்கும் இளைஞருக்கு முகப்பலகையை உள்ளிருந்து பார்க்கத் தெரியாது. அவர் விற்பவரின் வார்த்தையைத்தான் நம்புகிறார். பழுதுபார்த்த தேதியையும் பயன்படுத்திய பொருளின் பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கிட்டார் பெட்டிக்குள் போட்டுவைக்கும் வழக்கத்தை நான் பின்பற்றுகிறேன். அடுத்து அதைத் திறப்பவர் யாராக இருந்தாலும், எந்தக் கரைப்பானைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அந்தச் சீட்டு அவருக்குச் சொல்லும்.

தாங்கள் இக்கடிதத்தை முழுமையாக வெளியிட இடமில்லாவிட்டால், வரும் வார இணைப்பில் மூன்று வரித் திருத்தமாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்: விரிசலா என்று சோதிக்காமல் எதையும் பூச வேண்டாம், பூச்சின் வகை தெரியாமல் எந்தக் கரைப்பானும் வேண்டாம், மங்கல் மெருகுள்ள கருவியைத் தேய்க்க வேண்டாம். குறிப்பைப் படித்துவிட்டு ஏற்கெனவே பசையை ஊற்றிவிட்ட வாசகர்களும் இருக்கக்கூடும். அவர்கள் அதைக் கரைத்தெடுக்க அசிட்டோனைத் தேட வேண்டாம் என்று அருள்கூர்ந்து சொல்லுங்கள். நைட்ரோ கருவியில் பசைக்கு முன் பூச்சுதான் கரைந்து வரும். வழிந்தது வழிந்தபடியே முழுதும் இறுகட்டும். இறுகியபின், நாடா சுற்றிய பிளேடால் மேட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கலாம். கை நடுங்கினால் அதையும் செய்யாமல், அப்படியே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய், என்ன பசை, என்றைக்கு ஊற்றியது என்பதை மட்டும் மறக்காமல் சொல்லட்டும்.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்